குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டங்கள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுபவன் பாளையங்கோட்டைப் பக்கம் 11 ஆண்டுகளாக ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போய்வருபவன். தொலைபேசியிலும் தேநீர்க் கடையிலும் கூட்டம் முடிந்த பிறகு வாசற்படியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லாதது கூச்சத்தால் அன்று; பொதுவெளியில் உறுப்பினர்கள் பெயர் வெளியிடுவதில்லை என்பது அந்த அமைப்பின் மரபு. அமைப்பின் சார்பில் பேசும் உரிமையும் எனக்கு இல்லை. ஆகவே இதை ஓர் உறுப்பினனின் சொந்தப் பதில்களாக மட்டும் வாசிக்க வேண்டுகிறேன்.

ஏ.ஏ. என்றால் என்ன? அது யார் நடத்துவது?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கமே ஏ.ஏ. பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்திருந்த நியூயார்க் பங்குத் தரகர் ஒருவர், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர், விடுதிக் கூடத்தில் மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழ, தாம் மறுபடி குடித்துவிடுவோம் என்று அஞ்சினார். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தப்ப முடியும் என்று தேடி, அவ்வூர் அறுவை மருத்துவர் ஒருவரைச் சந்தித்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். தரகர் அறிவுரை சொல்லப் போகவில்லை, தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே போனார் என்பதை நான் புதியவர்களிடம் தவறாமல் சொல்வேன். இன்றும் கூட்டத்தில் உங்களுக்காக நாற்காலியை இழுத்துப் போடுபவர் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார்.

இந்தியாவில் இது 1957 முதல் இருந்துவருகிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தகுதி. தலைவர், முதலாளி என்று யாரும் இல்லை. ஒவ்வொரு குழுவையும் அதன் உறுப்பினர்களே முறைவைத்து நடத்துகிறார்கள்.

திருநெல்வேலியில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இடத்தையும் நேரத்தையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. பள்ளி அறையிலோ, தேவாலய வளாகத்திலோ, மருத்துவமனைக் கூடத்திலோ இரவலாகப் பெற்ற இடத்தில்தான் பெரும்பாலும் கூட்டம் நடக்கிறது. அந்த இடம் மாறும், கிழமை மாறும். பழைய முகவரியை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் இரண்டாம் முறை வருவது அரிது. எனவே கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் கிடைக்கும் வழிகள் பல. மும்பையில் உள்ள இந்திய ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடலாம். அங்கே திருநெல்வேலி என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. சங்கரன்கோவில்காரருக்கும் திருச்செந்தூர்காரருக்கும் வேண்டிய தகவல் பழைய பெயரிலும் இருக்கலாம், புதிய பெயரிலும் இருக்கலாம். ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் என்றைக்கு வருவார் என்று விசாரித்து அவரிடம் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் பேசலாம். இவற்றில் பேசுபவர்கள் ஏ.ஏ.வைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் சிகிச்சைக்கு எங்கே போவது என்று சொல்வார்கள்.

இன்னொரு வழி எந்தப் பட்டியலிலும் இல்லாதது. உங்கள் ஊரில் முன்பு கடை வாசலிலேயே கிடந்து, இப்போது சில ஆண்டுகளாகச் சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் தனியாகப் போய், “அண்ணாச்சி, நீங்க எப்படி விட்டீங்க?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கேள்வியைத்தான். மற்றவை இதற்கு முன்னுரை. வண்ணார்பேட்டையில் நின்றால் டவுனில் தெரியும், ஜங்ஷனில் தும்மினால் பேட்டையில் கேட்கும் என்ற அளவில் உறவும் சாதியும் பின்னிக்கிடக்கும் ஊர் நம்முடையது. ஆகவே அச்சம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு முரண் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பதற்கு முன்பே முக்கிய சாலையில் வரிசையில் நின்றபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. சாரம் அவிழ்ந்தது தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் கிடந்த என்னைத் தெருவே பார்த்திருக்கிறது. அப்படிப்பட்டவன், கூட்டத்துக்குள் நுழைவதை ஒருவர் பார்த்துவிடுவாரோ என்று முக்கால் மணி நேரம் எதிர்ச்சாரியில் நின்றேன். நான் குடிப்பது ஊருக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தவன் நான் ஒருவன்தான்.

உங்கள் அச்சத்துக்கு இதுவே போதுமான பதில் ஆகாது என்பதும் தெரியும். ஆசிரியர், காவலர், பேருந்து ஓட்டுநர் போன்றவர்களுக்கு வேலை பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. அவர்களுக்கு என் யோசனை, முதல் சில வாரங்களுக்கு வேறு ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள் என்பதே. அம்பாசமுத்திரத்துக்காரர் பாளைக்கு வரட்டும்; பாளைக்காரர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடிக்குப் போகட்டும். 2020-க்குப் பிறகு இணையவழிக் கூட்டங்களும் பரவலாகிவிட்டன. படக்கருவியை அணைத்துவிட்டு, உங்கள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை நடுக்கம் நின்றுபோனதைத் திரையில் பார்க்க முடியாது.

கூட்டத்தில் யாரைப் பார்த்தோம், யார் என்ன சொன்னார் என்பதை வெளியே பேசுவதில்லை என்பது கடுமையாகப் பேணப்படும் வழக்கம். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால், அவரும் நீங்கள் வந்த அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

நேராகக் கூட்டத்துக்கு வந்து அன்றே குடியை நிறுத்திவிடலாமா? மருத்துவர் எதற்கு?

இதை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர், குறிப்பாகக் காலையில் கை நடுக்கம் தீரக் குடிப்பவர், திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும், இடமும் ஆளும் அடையாளம் தெரியாமல் போகும். நம் பக்கத்தில் இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணிக் கோயிலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அது மூளை மதுவுக்குப் பழகி, திடீரென்று அது கிடைக்காமல் போனதால் வரும் அவசர நிலை. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவதும் இங்கே வழக்கம். நெடுங்காலம் குடித்தவரின் உடலில் தயாமின் எனப்படும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஈடுசெய்யாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும். ஆகவே எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடலைத் தெளியவைப்பது மருத்துவரின் வேலை. தெளிந்து வீடு திரும்பிய பிறகு வரும் முதல் சம்பள நாளைக் கடப்பதற்குத்தான் கூட்டம். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை கூட்டத்தில் யாருக்கும் இல்லை. யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டால் கூட்டம் தேவைப்படாதல்லவா?

என்னை ஒரு முறை இரவோடு இரவாக வேனில் ஏற்றி ஒரு மையத்தில் விட்டார்கள். அங்கே மருத்துவரை நான் பார்த்ததாக நினைவில்லை. பூட்டு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே வந்த அன்று மாலையே குடித்தேன். எல்லா மையங்களும் அப்படி அல்ல. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தார் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டுச் சேர்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தகவல் பெறும் உரிமையையும் கண்ணியமாக நடத்தப்படும் உரிமையையும் தருகிறது. நல்ல மையம், ஆளை அனுப்பும்போதே அடுத்த கூட்டம் எங்கே என்று எழுதிக் கொடுத்து அனுப்பும்.

கூட்டத்துக்குள் என்ன நடக்கும்?

நீங்கள் அஞ்சுவது எதுவும் நடக்காது. வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள், சுவரில், குடியிலிருந்து மீள்வதற்கான 12 படிகளும் குழுக்கள் நடந்துகொள்வதற்கான 12 மரபுகளும் எழுதிய பதாகை, ஒரு மேசை, பெரும்பாலும் தேநீர். நடத்துபவர் முன்னுரையை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, முன்பு எப்படி இருந்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம் என்று பேசுவார். இதைப் பகிர்தல் என்கிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசியதைத் தீர்ப்புச் சொல்வதுமில்லை. தமிழர்கள் நான்கு பேர் கூடிய இடத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும் மாற்றக்கூடியதை மாற்றும் துணிவையும் இரண்டையும் பிரித்தறியும் அறிவையும் கேட்கும் ஒரு சிறு பிரார்த்தனையும் சொல்லப்படும். ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

குடிக்காமல் ஓராண்டு முடித்தவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதும் உண்டு. அறுபது வயதுக்காரர் ஒருவர் தமக்கு இன்று மூன்று வயது என்று சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

நான் கட்டாயம் பேச வேண்டுமா?

வேண்டாம். “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். நான் நான்கு வாரங்கள் அப்படித்தான் இருந்தேன்.

கட்டணம் உண்டா?

இல்லை. கடைசியில் ஒரு பை அல்லது தட்டு சுற்றி வரும். விருப்பமுள்ள உறுப்பினர் வாடகைக்கும் தேநீருக்கும் தம்மால் இயன்றதைப் போடுவார். புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது மரபு. ஆகவே ஏ.ஏ. பெயரைச் சொல்லிக் கடைவீதியில் யாராவது ரசீதுப் புத்தகம் நீட்டினால் கொடுக்காதீர்கள்.

தேவாலய வளாகத்தில் நடக்கிறதே, இது மதம் மாற்றும் கூட்டமா?

இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளிகளும் கூடங்களும் பெரும்பாலும் திருச்சபைகளுடையவை, இடம் அங்கே எளிதில் கிடைக்கிறது, அவ்வளவுதான். அமைப்பு எந்த மதத்தையும் சாராதது. படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ஆனால் ‘நாம் உணர்ந்துகொண்டபடியான கடவுள்’ என்றே அது முதன்முதலில் வருகிறது. எங்கள் குழுவில் நெல்லையப்பரை நினைப்பவரும் இருக்கிறார், மேலப்பாளையத்திலிருந்து மக்ரிப் தொழுகை முடித்துவிட்டு வருபவரும் இருக்கிறார், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் தமக்கு மேலான சக்தி இந்தக் கூட்டம்தான் என்கிறார். யாரும் அவரைத் திருத்த முயன்றதில்லை.

மாலை போட்டால் நான் குடிப்பதில்லை. கயிறு கட்டியும் நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் கூட்டம் எதற்கு?

மாலையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஐயப்பனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்து 41 நாள் குடிக்காமல் இருந்தவர், தம்மால் குடிக்காமல் இருக்க முடியும் என்பதை நிரூபித்துவிட்டார். குடியின் தீவிரத்தை உணராதவர்கள் சொல்வதுபோல அவருக்கு மன உறுதி குறைவு என்பது இதனால் பொய்யாகிறது. சிக்கல் மாலையைக் கழற்றும் நாளில் இருக்கிறது. பலர் அந்த நாளை முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; நானும் எண்ணியவன்தான். கெடு வைத்த விரதம் கெடு முடிந்ததும் முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் கெடுவே வைப்பதில்லை. இன்று ஒரு நாள், அடுத்த 24 மணி நேரம் குடிக்க மாட்டேன் என்பது மட்டுமே பேச்சு. மாலை போட்டிருக்கும் காலத்திலேயே கூட்டத்துக்கு வரத் தொடங்குங்கள் என்பது என் யோசனை. உடல் தெளிந்திருக்கும், கழற்றும் நாளில் பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

குடித்துவிட்டு வரலாமா?

வரலாம். பேச அனுமதிக்க மாட்டார்கள், தகராறு செய்தால் வெளியே அழைத்துப் போவார்கள். ஆனால் வாடை வருகிறது என்பதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த வாடையை நாங்கள் ஆளுக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் சுமந்தவர்கள்.

என் வீட்டுக்காரரை எப்படி வரவைப்பது?

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தங்கை என்னிடம், “அவுக வர மாட்டேங்காக அண்ணாச்சி, நான் வேணா வந்து கேட்டுட்டுப் போகட்டா?” என்று கேட்டார். அது சரியான கேள்வி. திறந்த கூட்டம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் குடும்பத்தார் வரலாம். மற்ற கூட்டங்கள் குடிநோயாளர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. கணவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம். பக்கத்தில் அந்தக் குழு இல்லாதவர்கள் இணையவழியில் தேடலாம்.

அவரிடம் பேசுவதானால் காலையில், தெளிந்திருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். நேற்றிரவு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இருபது வருடக் கணக்கைத் திறக்காதீர்கள். வேலைக்கு அவர் போகாத நாளில், காய்ச்சல் என்று மேஸ்திரியிடம் நீங்கள் பொய் சொல்வதை நிறுத்துங்கள். அந்தப் பொய்கள்தான் பல ஆண்டுகள் என் குடியைத் தாங்கிப் பிடித்தன.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். குடியை நிறுத்தும் மருந்து என்று சொல்லி விற்கப்படும் எதையும் அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரையை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட அந்த விளைவு வரக்கூடும். அது, நோயாளி அறிந்து சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து.

அடி உதை இருந்தால் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால்?

வரலாம், வருகிறார்கள், எண்ணிக்கைதான் குறைவு. ஆண்கள் நிறைந்த அறைக்குள் வரத் தயங்கினால், முன்பே தொலைபேசியில் சொன்னால் பெண் உறுப்பினர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கு மட்டுமான இணையவழிக் கூட்டங்களும் உண்டு.

கோயில் கொடையிலும் துட்டி வீட்டிலும் என்ன செய்வது?

வரி கொடுத்த வீடு கொடைக்குப் போகாமல் இருக்க முடியாது. சுடலைமாடனுக்குப் படைப்பதிலேயே சாராயம் இருக்கும் ஊர்களும் உண்டு. நான் மதியக் கொடைக்குப் போவேன், சாமக் கொடைக்கு இருக்க மாட்டேன். போவதற்கு முன் ஓர் உறுப்பினரை அழைப்பேன், வந்த பிறகு மறுபடி அழைப்பேன். துட்டி வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. சுடுகாட்டு வேலை முடிந்ததும் பாட்டில் தானாக வரும், மறுத்தால் இறந்தவருக்கு மரியாதைக் குறைவு என்பார்கள். “மாத்திரை சாப்பிடுறேன்” என்ற பதிலை நம் ஊரில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் ஆசை அதிகமாகும் என்று கூட்டத்தில் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் இனிப்பு ஏதாவது சாப்பிட்டால் ஆசை தணிவதாகப் பலர் சொல்கிறார்கள். அல்வாவுக்குப் பெயர்போன ஊரில் இந்த மருந்துக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதனால் பலன் உண்டு என்று ஆய்வு எதுவும் சொல்கிறதா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாக அது கூறுகிறது. எல்லோருக்கும் பலித்தது என்று கூறவில்லை. எங்கள் அறையிலும் எல்லோருக்கும் பலிக்கவில்லை.

வந்துகொண்டிருந்தேன்; மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு வருவது?

நானும் எட்டாம் மாதத்தில் குடித்தேன். மூன்று வாரம் ஒளிந்து திரிந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, எனக்கு ஸ்பான்சராக இருந்த பெரியவர், “வாங்க, நாற்காலி காலியாத்தான் கிடக்கு” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்பான்சர் என்பவர் உங்களுக்கு முன்பே நிறுத்தி, படிகளை உங்களோடு சேர்ந்து நடந்துவரும் மூத்த உறுப்பினர். குடிப்பதற்கு முன் அழைக்க வேண்டிய எண் அவருடையது; குடித்துவிட்ட பிறகும் அதுவே. ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், மறுபடி நிறுத்தும்போது முதலில் மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன ஆபத்து ஒவ்வொரு முறையும் உண்டு.

வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டேன். என்ன செய்ய?

அடுத்த வாரம் வருவதற்கு முன் குழுவின் தொலைபேசி எண்ணை அழைத்து, என்ன நிறச் சட்டை போட்டிருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெயர் வேண்டாம். கூட்டம் தொடங்கக் கால் மணி நேரத்துக்கு முன் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் நிற்பார். கண்டதும் உங்களுக்கும் சேர்த்துத் தேநீர் சொல்வார். குடித்து முடித்த பிறகு இரண்டு பேராக உள்ளே வந்துவிடலாம்.